எரர் வராத தவறு: அக்டிவேட் கட்டளையும் 27 வரிகளின் வரலாறும்

பைதன் படிக்கும் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு கேள்விக்காக இந்தப் பதிவு. கேள்வி சின்னது. அதற்கான பதில் ஐம்பது வருடங்களுக்கும் மேல் பழையது. கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள். கட்டளைகளை உச்சரிப்பின்படியே எழுதுகிறேன், புரிந்துகொள்வீர்கள்.

ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கேட்டாலும் கேள்வியின் சுருக்கம் இதுதான்:

"சேர், வேர்ச்சுவல் என்வைரன்மென்ட அக்டிவேட் பண்ற கட்டளைய ஒவ்வொரு நாளும் டைப் பண்றது கரைச்சல். அதால அத ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்ல எழுதி வச்சேன். ஸ்கிரிப்ட் ஓடுது. எரர் ஒண்டும் வரல்ல. ஆனா அக்டிவேட் ஆகவும் இல்ல. ஏன்?"

இதில் கவனிக்க வேண்டிய வசனம் "எரர் ஒண்டும் வரல்ல" என்பதுதான். எரர் வந்தால் பிள்ளை அதைக் கூகுளில் போட்டுத் தேடும். ஒன்றுமே வராவிட்டால் என்னத்தைத் தேடுவது? மூன்று தரம் முயன்று பார்த்துவிட்டு, "இது எனக்குச் சரிவராது" என்று முடிவெடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் கேட்டுப் பார்க்க ஆளில்லாத பிள்ளைகளுக்கு இது இன்னும் மோசம்.

அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். யுனிக்ஸை உருவாக்கியவர்களே இதே இடத்தில், இதே தவறில், இதே மாதிரித் தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருக்கிறார்கள். அந்தக் கதைக்குப் போகமுன் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

▪ அக்டிவேட் உண்மையில் என்ன செய்கிறது?

ஒரே கணினியில் இரண்டு வேலைத்திட்டங்கள் இருக்கின்றன என்று வையுங்கள். ஒன்றுக்கு ஜாங்கோவின் பழைய பதிப்பு வேண்டும். மற்றதற்குப் புதிய பதிப்பு வேண்டும். கணினியில் பைதன் ஒன்றுதான். புதியதை நிறுவினால் பழைய வேலை உடையும். இதற்காக ஒவ்வொரு வேலைத்திட்டத்துக்கும் ஒரு தனிக் கோப்புறை உருவாக்கி, அதற்குரிய பொதிகளை அதற்குள் மட்டும் வைத்துக்கொள்கிறோம். அதுதான் வேர்ச்சுவல் என்வைரன்மென்ட்.

அந்தக் கோப்புறைக்குள் 'பின்' என்றொரு உட்கோப்புறை இருக்கும். அதற்குள் 'அக்டிவேட்' என்றொரு கோப்பு இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். மந்திரம் ஒன்றும் இல்லை, வாசிக்கக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்புத்தான். அது செய்யும் வேலைகளும் சில்லறை வேலைகள்தான்.

'பாத்' என்ற சூழல் மாறியின் பழைய பெறுமானத்தை ஒரு பக்கத்தில் பத்திரப்படுத்துகிறது. பிறகு அந்த 'பாத்'தின் முன்னால் நம்முடைய 'பின்' கோப்புறையின் முகவரியைச் சேர்க்கிறது. 'வேர்ச்சுவல் என்வ்' என்றொரு மாறியை அமைக்கிறது. டெர்மினலில் கட்டளை அடிக்கும் இடத்துக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் பெயர் தெரியச் செய்கிறது. கடைசியாக, எல்லாவற்றையும் பழையபடி மாற்ற 'டீஅக்டிவேட்' என்றொரு பங்ஷனை உருவாக்கி வைக்கிறது.

முக்கியமானது 'பாத்'. நாம் 'பைதன்' என்று அடித்ததும் ஷெல் எந்தெந்தக் கோப்புறைகளில், எந்த ஒழுங்கில் தேட வேண்டும் என்ற பட்டியல் அது. நம்முடைய கோப்புறை பட்டியலில் முதலாவதாக நின்றால் நம்முடைய பைதன் ஓடும். அவ்வளவுதான்.

▪ போட்டோகொப்பி விதி

இனி இரண்டாவது விஷயம். ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரலைத்தான் புரொசெஸ் என்கிறோம். டெர்மினலைத் திறந்ததும் அங்கே ஒரு ஷெல் ஓடுகிறது. அது ஒரு புரொசெஸ். அதில் நீங்கள் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டினால், ஷெல் தன்னைப்போல இன்னொரு புரொசெஸை உருவாக்கி அந்த வேலையை அதனிடம் கொடுக்கிறது. முதலாவது தாய், இரண்டாவது பிள்ளை.

தாயிடமுள்ள சூழல் மாறிகள் பிள்ளைக்கும் கிடைக்கும். ஆனால் பிள்ளைக்குக் கிடைப்பது பிரதி மட்டும்தான்.

பாடசாலைக் காரியாலயச் சுவரில் நேரசூசி தொங்குகிறது. ஒரு பிள்ளை அதைப் போட்டோகொப்பி எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போகிறது. தன்னுடைய பிரதியில் கணிதப் பாடத்தை வெட்டிவிட்டு விளையாட்டு என்று எழுதிக்கொள்ளலாம். யாரும் தடுக்கப் போவதில்லை, திட்டப் போவதுமில்லை. ஆனால் சுவரில் உள்ள நேரசூசியில் ஒரு எழுத்தும் மாறாது. பாடசாலை விட்டதும் அந்தப் பிரதி குப்பைக் கூடைக்குள் போய்விடும்.

அக்டிவேட் செய்யும் ஸ்கிரிப்டை ஓட்டும்போது நடப்பது இதுவேதான். பிள்ளைப் புரொசெஸ் பிறக்கிறது. அதற்குள் 'பாத்' மாறுகிறது, அக்டிவேட் முறையாகவே நடக்கிறது. ஸ்கிரிப்டின் கடைசி வரி முடிந்ததும் பிள்ளைப் புரொசெஸ் மறைகிறது, மாற்றங்களும் அதோடு போகின்றன. உங்கள் கையில் இருக்கும் தாய் ஷெல்லுக்கு எதுவும் தெரியாது. எந்த விதியும் மீறப்படாததால் எரர் வரவும் காரணம் இல்லை.

▪ பெல் ஆய்வுகூடத்தில் உடைந்த கட்டளை

இப்போது வரலாற்றுக்கு வருவோம்.

1969. அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் மறே ஹில் என்ற இடத்தில் பெல் ஆய்வுகூடம். அங்கே கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி உள்ளிட்ட சிலர் பிடிபி-7 என்ற கணினியில் ஒரு பணிசெயல் முறைமையைக் கட்டத் தொடங்கினார்கள். அதுதான் பின்னால் யுனிக்ஸ் ஆனது.

ஆரம்பத்தில் அதில் இன்று நாம் சொல்லும் தாய், பிள்ளை முறை இருக்கவில்லை. கணினியோடு இரண்டு டெர்மினல்கள் இணைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரேயொரு புரொசெஸ். நீங்கள் ஒரு கட்டளை அடித்தால், நினைவகத்தில் ஷெல் இருந்த இடத்திலேயே அந்தக் கட்டளையின் செய்நிரல் வந்து உட்காரும். ஷெல் அழிந்துபோகும். கட்டளை முடிந்ததும் ஷெல்லின் புதிய பிரதியொன்று மறுபடி ஏற்றப்படும். ஆட்கள் மாறினாலும் கதிரை ஒன்றுதான்.

இந்த முறையில் கோப்புறை மாற்றும் கட்டளை எந்தப் பிரச்சினையும் இல்லாமல் வேலை செய்தது. இன்று நாம் 'சிடி' என்று அடிப்பதை அன்று 'சிஎச்டிர்' என்றார்கள். அதுவும் மற்றவற்றைப் போல ஒரு சாதாரண செய்நிரல்தான். கதிரை ஒன்றே என்பதால், தற்போதைய கோப்புறை எது என்று அது மாற்றிவிட்டுப் போனது அடுத்து வந்து உட்காரும் ஷெல்லுக்கும் அப்படியே இருந்தது.

பிறகு 'ஃபோர்க்' என்ற வசதியைச் சேர்த்தார்கள். ஒரு புரொசெஸ் தன்னைப் பிரதியெடுத்து இன்னொன்றை உருவாக்கும் வசதி. பேர்க்லி பல்கலைக்கழகத்தின் நேரப்பகிர்வு முறைமையில் ஃபோர்க் ஏற்கெனவே இருந்தது. பிடிபி-7இல் அதைச் சேர்க்கத் தேவைப்பட்டது சரியாக 27 வரி அசெம்பிளி என்று ரிச்சியே எழுதியிருக்கிறார். சுற்றிவரச் சில மாற்றங்களும் தேவைப்பட்டன. ஆனால் புரொசெஸ்களைக் கையாளும் இன்றைய முறை ஓரிரு நாட்களுக்குள் வந்துவிட்டது.

எல்லோருக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் 'சிஎச்டிர்' கட்டளை வேலை செய்வதை நிறுத்திவிட்டது தெரியவந்தது. அடித்தால் ஓடும். ஆனால் கோப்புறை மாறாது.

ஃபோர்க்கைச் சேர்த்ததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கோடிங்கைத் திரும்பத் திரும்ப வாசித்து மண்டையை உடைத்திருக்கிறார்கள். கடைசியில் விளங்கியது. கட்டளையில் பிழையே இல்லை. அது தனக்கென்று உருவாக்கப்பட்ட பிள்ளைப் புரொசெஸின் கோப்புறையைச் சரியாகவே மாற்றியது. ஆனால் அந்தப் பிள்ளை மறுகணமே முடிந்துபோனது. தாய் ஷெல் இருந்த இடத்திலேயே இருந்தது.

நம்முடைய பிள்ளைகள் கேட்கும் கேள்வியும் இதுவும் ஒன்றல்லவா? 'பாத்'துக்குப் பதில் கோப்புறை. மற்றதெல்லாம் அச்சொட்டாக அதே.

அவர்கள் கண்ட தீர்வு எளிமையானது. 'சிஎச்டிர்' கட்டளையைத் தனிச் செய்நிரலாக வைப்பதை விட்டுவிட்டு, ஷெல் தானே தனக்குள் செய்யும் கட்டளையாக மாற்றினார்கள். இன்று வரை எல்லா ஷெல்களிலும் 'சிடி' அப்படித்தான் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், மாக் கணினிகளில் 'யூஎஸ்ஆர்/பின்' கோப்புறைக்குள் 'சிடி' என்ற பெயரில் ஒரு தனிக் கோப்பும் இருக்கிறது. அதன் முழு முகவரியைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள், நீங்கள் நிற்கும் இடம் மாறாது.

இந்தச் சம்பவத்தை டெனிஸ் ரிச்சி 1979 செப்டெம்பரில் சிட்னியில் நடந்த ஒரு மாநாட்டில் வாசித்த கட்டுரையில், தங்கள் தடுமாற்றத்தை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். அதனால்தான் நமக்கும் தெரிகிறது.

▪ ஏன் இந்த விதியை மாற்றவில்லை?

பிள்ளை செய்த மாற்றம் தாய்க்கும் போகட்டும் என்று விதியை மாற்றியிருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள்.

யோசித்துப் பாருங்கள். இணையத்திலிருந்து இறக்கிய ஏதோ ஒரு செய்நிரலை ஓட்டுகிறீர்கள். அது உங்கள் ஷெல்லின் 'பாத்'தை உங்களுக்குத் தெரியாமல் மாற்ற முடியுமென்றால்? அடுத்து நீங்கள் கடவுச்சொல் கேட்கும் ஒரு கட்டளையை அடிக்கும்போது அது வைத்த போலிக் கட்டளை ஓடினால்? ஒரு செய்நிரல் குழம்பினாலும் அதை ஓட்டியவரின் சூழல் குழம்பாமல் காக்கும் சுவர் இது. நம்முடைய சின்ன ஸ்கிரிப்டுக்குத் தடையாக நிற்பதும் அதே சுவர்தான்.

ஆனால் நாமே விரும்பி, தெரிந்துகொண்டு, தாயின் சூழலை மாற்ற ஒரு வழி வேண்டும். அந்த வாசல் 1970களின் இறுதியில் வந்தது.

1979இல் வெளியான யுனிக்ஸின் ஏழாவது பதிப்பில் இரண்டு முக்கிய விஷயங்கள் இருந்தன. ஒன்று, தாயிடமிருந்து பிள்ளைக்குப் பிரதியாகப் போகும் சூழல் மாறிகள், இன்றைய வடிவில். மற்றது, ஸ்டீவ் போர்ன் எழுதிய புதிய ஷெல். அந்த ஷெல்லில் ஒரு தனிப் புள்ளி மட்டுமே ஒரு கட்டளை. புள்ளி, ஓர் இடைவெளி, பிறகு கோப்பின் பெயர். "இந்தக் கோப்பை ஓட்டப் புதிய பிள்ளையை உருவாக்காதே. நீயே வரிவரியாக வாசித்து நீயே செய்" என்பது அதன் பொருள்.

அதே காலத்தில் பேர்க்லியில் பில் ஜோய் எழுதிய சி ஷெல் இதே வேலைக்கு 'சோர்ஸ்' என்ற சொல்லை வைத்தது. பின்னர் குனூ திட்டத்துக்காக பிரையன் ஃபொக்ஸ் எழுதி 1989இல் வெளிவந்த பாஷ் ஷெல், புள்ளி, சோர்ஸ் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. இன்று நாம் எல்லோரும் அடிக்கும் 'சோர்ஸ் வென்வ்/பின்/அக்டிவேட்' என்ற கட்டளையின் முதற்சொல் வந்த வழி இது.

நேரசூசி உதாரணத்தில் சொன்னால், பிள்ளை தன் பிரதியில் எழுதுவதை விட்டுவிட்டு, காரியாலயத்தில் இருப்பவரிடம் ஒரு துண்டைக் கொடுத்து, "இதில் உள்ளபடி சுவரில் நீங்களே மாற்றுங்கள்" என்று கேட்பது போல.

▪ பைதன் இந்தக் கதைக்குள் வந்தது

க்யூடோ வான் றொஸ்ஸம் பைதனை 1991இல் வெளியிட்டார். 2003 அளவில் பொதிகளுக்கான பொதுக் களஞ்சியம் வந்தது. பொதிகள் பெருகப் பெருக, பதிப்புகள் மோதிக்கொள்ளும் தொல்லையும் பெருகியது. 2007இல் இயன் பிக்கிங் 'வேர்ச்சுவலென்வ்' என்ற கருவியை வெளியிட்டார். அடுத்த வருடம் 'பிப்' கருவியை வெளியிட்டவரும் அவரே.

பிறகு கார்ல் மேயர் 2011இல் எழுதிய பெப் 405 என்ற முன்மொழிவு ஏற்கப்பட்டு, 2012இல் வந்த பைதன் 3.3 உடன் 'வென்வ்' என்ற பெயரில் இந்த வசதி மொழியோடேயே சேர்ந்து வந்தது. 2014இல் வந்த 3.4 முதல், உருவாக்கும் ஒவ்வொரு சூழலுக்குள்ளும் பிப் தானாகவே வந்துவிடுகிறது.

இவர்கள் எல்லோருக்கும் யுனிக்ஸின் பழைய விதி தெரியும். அதனால்தான் அக்டிவேட் கோப்பின் முதல் வரியிலேயே, இதை நேரடியாக ஓட்ட முடியாது, சோர்ஸ் மூலம்தான் பயன்படுத்த வேண்டும் என்று குறிப்பு எழுதியிருக்கிறது. லினக்ஸில் அந்தக் கோப்புக்கு ஓட்டும் அனுமதியும் கொடுப்பதில்லை. டீஅக்டிவேட் ஒரு கோப்பாக இல்லாமல் பங்ஷனாக இருப்பதற்கும் காரணம் இதுதான். மாற்றியது தாயில் என்றால், பழையபடி ஆக்குவதும் தாய்க்குள்ளேயே நடக்க வேண்டும்.

ஆக, பிள்ளைகள் தனித் தனிக் கட்டளையாக அடிக்கும்போது சோர்ஸ் சரியாக வேலை செய்கிறது. அதே வரியை ஒரு ஸ்கிரிப்டுக்குள் வைத்து அந்த ஸ்கிரிப்டைச் சாதாரணமாக ஓட்டும்போது, அந்தப் பிள்ளைப் புரொசெஸின் சூழல்தான் மாறுகிறது. சோர்ஸ் என்ற சொல் உள்ளே இருந்தால் போதாது. வெளியே அந்த ஸ்கிரிப்டையும் சோர்ஸ் மூலமே ஓட்ட வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்கிரிப்டுக்குள் அக்டிவேட் செய்துவிட்டு, அடுத்த வரியிலேயே உங்கள் பைதன் நிரலை ஓட்டினால் அது சரியாக ஓடும். ஏனென்றால் இரண்டும் ஒரே பிள்ளைக்குள் நடக்கின்றன. ஸ்கிரிப்ட் முடிந்த பிறகும் அது நீடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் நடக்காத காரியம்.

▪ "பாடசாலையில் சரியாக இருந்ததே?"

சில பிள்ளைகளுக்கு இன்னொரு குழப்பம். பாடசாலைக் கணினியில் விண்டோஸ். அங்கே கட்டளைச் சாளரத்தில் 'அக்டிவேட்' என்ற பெயரை மட்டும் கொடுத்தாலே வேலை செய்கிறது. வீட்டில் லினக்ஸ் போட்டதும் செய்வதில்லை.

இதுவும் வரலாற்றின் விளைவு. டொஸ் காலத்திலிருந்தே பெட்ச் கோப்புகளைக் கட்டளை வாசிக்கும் செய்நிரல் தானே, தனக்குள்ளேயே வரிவரியாக ஓட்டுகிறது. புதிய பிள்ளை பிறப்பதில்லை. அதனால் மாற்றம் அந்தச் சாளரத்திலேயே தங்குகிறது.

ஆனால் அங்கே வேறொரு பொறி இருக்கிறது. ஒரு பெட்ச் கோப்புக்குள் இன்னொரு பெட்ச் கோப்பின் பெயரை எழுதினால், கட்டுப்பாடு இரண்டாவதற்குப் போய்விடும், முதலாவதற்குத் திரும்பாது. முதல் வரியில் அக்டிவேட், இரண்டாம் வரியில் பைதன் நிரல் என்று எழுதினால் இரண்டாம் வரி ஓடவே ஓடாது. இங்கேயும் எரர் வராது! இதற்காகத்தான் 1987இல் டொஸ் 3.3இல் 'கோல்' என்ற கட்டளை வந்தது. அக்டிவேட்டுக்கு முன்னால் கோல் என்று போட்டால், போன கட்டுப்பாடு திரும்பி வரும்.

▪ கிரொன் வேலையும் டாஷ் ஷெல்லும்

அடுத்த கட்டத்துக்குப் போகும் பிள்ளைகள் சேர்வரில் ஒரு நிரலைத் தினமும் தானாக ஓட வைக்கக் கிரொனைப் பயன்படுத்துவார்கள். டெர்மினலில் ஓடிய ஸ்கிரிப்ட் கிரொனில் ஓடாது. பதிவைத் திறந்து பார்த்தால், சோர்ஸ் என்றொரு கட்டளையே இல்லை என்று எழுதியிருக்கும்.

காரணம், கிரொன் வழமையாகப் பயன்படுத்துவது 'பின்/எஸ்எச்' என்ற ஷெல்லை. 2006 ஒக்டோபரில் வந்த உபுண்டு 6.10 முதல் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது பாஷ் அல்ல, டாஷ் என்ற சிறிய, வேகமான ஷெல். அது போர்ன் ஷெல்லின் வழியில் வந்தது. அதற்குப் புள்ளி தெரியும். பேர்க்லியில் பிறந்த சோர்ஸ் தெரியாது. எந்த ஷெல்லில் ஓடும் என்று உறுதியாகத் தெரியாத இடங்களில் புள்ளியைப் பயன்படுத்துவது பாதுகாப்பு.

▪ சுவரைச் சுற்றி மூன்று பாதைகள்

கடந்த பதினைந்து, இருபது வருடங்களில் வந்த கருவிகளைப் பார்த்தால், எல்லாமே இந்த ஒரு சுவரைச் சுற்றிப் போகும் மூன்று பாதைகளில் ஏதோ ஒன்றில்தான் நடக்கின்றன.

முதலாவது, தாயையே செய்யச் சொல்வது. டக் ஹெல்மன் எழுதிய வேர்ச்சுவலென்வ்ரப்பர், கட்டளைகளை ஷெல் பங்ஷன்களாகத் தாய்க்குள் ஏற்றிவிடும். கொண்டாவும் நீண்ட காலம் 'சோர்ஸ் அக்டிவேட்' என்று அடிக்க வைத்தது. 2017 டிசெம்பரில் வந்த 4.4 பதிப்பில்தான் 'கொண்டா அக்டிவேட்' வந்தது. அங்கே 'கொண்டா' என்பது தாய்க்குள் ஏற்றப்பட்ட ஒரு ஷெல் பங்ஷன். ஆகவே தாய் தானே செய்கிறது.

இரண்டாவது, தாயைத் தொடாமல், சூழல் மாற்றப்பட்ட ஒரு புதிய ஷெல்லைப் பிள்ளையாகத் திறந்து நம்மை அதற்குள்ளேயே உட்கார வைப்பது. 2017இல் வந்த பிப்என்வ் கருவியின் 'ஷெல்' கட்டளை இப்படித்தான். வேலை முடிந்தால் 'எக்ஸிட்' என்று வெளியே வர வேண்டும். பொயட்ரி கருவியிலும் இதே கட்டளை இருந்தது. 2025 ஜனவரியில் வந்த அதன் 2.0 பதிப்பில் அதைப் பிரதான கருவியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது, அக்டிவேட்டே வேண்டாம் என்பது. 2024இல் வந்த யூவி கருவியின் 'ரன்' கட்டளை, சரியான சூழலைத் தேடி நிரலை அதிலேயே ஓட்டிவிடும். நமது ஷெல்லில் எதையும் மாற்றாது.

▪ ஸ்கிரிப்டுக்குள் அக்டிவேட் தேவையா?

மூன்றாவது பாதைக்குப் புதிய கருவியும் தேவையில்லை. பெப் 405 இலேயே அது இருக்கிறது.

வென்வ் கோப்புறைக்குள் 'பைவென்வ்' என்ற பெயரில் ஒரு சிறிய அமைப்புக் கோப்பு இருக்கும். பைதன் தொடங்கும்போது, தான் இருக்கும் இடத்திலோ அதற்கு ஒரு படி மேலேயோ அந்தக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால், "நான் ஒரு தனிச் சூழலுக்குள் இருக்கிறேன்" என்று புரிந்துகொண்டு அந்தச் சூழலின் பொதிகளையே எடுக்கும். அதாவது வென்வ் கோப்புறையின் பின்னுக்குள் இருக்கும் பைதனை அதன் முழு முகவரியோடு அழைத்தாலே போதும். 'பாத்' மாறியிருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை.

டெர்மினலில் உட்கார்ந்து விரலால் அடிக்கும் மனிதனின் வசதிக்காக வந்தது அக்டிவேட். ஸ்கிரிப்டுக்கு விரல் வலிக்காது. ஸ்கிரிப்டிலும் கிரொனிலும் முழு முகவரியை எழுதிவிடுங்கள். பொதி நிறுவும்போதும் அதே பைதனைக் கொண்டு 'மைனஸ் எம் பிப்' என்று அழையுங்கள். எந்தப் பைதனுக்குள் பொதி போகிறது என்ற சந்தேகமே வராது.

இது வெறும் வசதிக் கதையல்ல. அக்டிவேட் ஆகிவிட்டது என்று நம்பிக்கொண்டு பிப் அடித்த எத்தனையோ பேர், பொதிகளைக் கணினியின் பிரதான பைதனுக்குள் கொட்டியிருக்கிறார்கள். லினக்ஸின் சில சொந்தக் கருவிகளே அந்தப் பைதனில் தங்கியிருப்பதால், அவையும் உடையும். இதைத் தடுக்கத்தான் பெப் 668 வந்தது. 2023இல் வெளியான உபுண்டு 23.04, டெபியன் 12 ஆகியவற்றிலிருந்து பிரதான பைதனுக்குள் பிப் நேரடியாக நிறுவ மறுக்கிறது. வேர்ச்சுவல் என்வைரன்மென்ட் உருவாக்குங்கள் என்று அதுவே சொல்கிறது. மௌனமாக நடந்த தவறு, சத்தம் போடும் தவறாக மாறியது. நல்ல விஷயம்தான். ஆனால் அதன் விளைவாக, முதல் நாளே பைதன் தொடும் பிள்ளையும் இன்று அக்டிவேட்டைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இந்தக் கதை முன்பைவிட இப்போதுதான் அதிகம் தேவை.

▪ ஐந்து நிமிடப் பரிசோதனை

நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். பைதன் கூடத் தேவையில்லை.

ஒரு கோப்பைத் திறந்து இரண்டு வரிகள் எழுதுங்கள். முதல் வரியில் 'சிடி', ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு. இரண்டாம் வரியில் 'பிடபிள்யூடி'. சேமித்துவிட்டு, 'பாஷ்' என்று போட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்து ஓட்டுங்கள். திரையில் சாய்கோடு மட்டும் வரும். பிள்ளை மேல் கோப்புறைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். இப்போது நீங்களே 'பிடபிள்யூடி' என்று அடியுங்கள். நீங்கள் பழைய இடத்திலேயே நிற்பீர்கள்.

அடுத்து 'பாஷ்' என்பதை எடுத்துவிட்டு 'சோர்ஸ்' என்று போட்டு அதே கோப்பை ஓட்டுங்கள். மறுபடி 'பிடபிள்யூடி' அடியுங்கள். இம்முறை நீங்களே நகர்ந்திருப்பீர்கள்.

பிடிபி-7 முன்னால் இருந்தவர்கள் கண்டது இதையேதான்.

▪ ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை

உயர்தர ஐசிடி பாடத்தில் பணிசெயல் முறைமை ஓர் அலகு. பைதன் இன்னோர் அலகு. முதலாவதில் புரொசெஸ் பற்றி வரைவிலக்கணம் எழுதிக் கொடுக்கிறோம், பிள்ளைகளும் பாடமாக்குகிறார்கள். இரண்டாவதில் கட்டளைகளைக் கொடுக்கிறோம், பிள்ளைகள் அப்படியே அடிக்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதை யாரும் சொல்வதில்லை. மேலே சொன்ன இரண்டு வரிப் பரிசோதனையை வகுப்பில் செய்து காட்டினால், இரண்டு அலகுகளும் ஒரே மேசையில் வந்து சேர்ந்துவிடும்.

ஒரு கட்டளை ஏன் அப்படி எழுதப்படுகிறது என்று தெரிந்த பிள்ளை, அது வேலை செய்யாதபோது எங்கே பார்க்க வேண்டும் என்றும் தெரிந்துகொள்ளும். காரணம் தெரியாமல் பாடமாக்கிய பிள்ளை, தன்னில்தான் குறை என்று நினைத்துக்கொள்ளும். எரர் வராத தவறுகள் செய்யும் பெரிய அநியாயம் அதுதான்.

உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ பைதன் படிக்கும் பிள்ளை இருந்தால் இதை வாசிக்கக் கொடுங்கள். செய்து பார்த்துவிட்டு என்ன வந்தது என்று கமென்டில் எழுதச் சொல்லுங்கள். வேறு கேள்விகள் இருந்தாலும் கேளுங்கள், தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.